தண்ணீர் நின்று வந்த பிறகு ஃப்ரிட்ஜ் ஐஸ் மேக்கர் ஐஸ் போடவில்லை: முழுசாக மாற்றத்தான் வேண்டுமா?

சாட்ஸ்வர்த் வீட்டுக்காரி:

வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது இரண்டு கதவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜ், கதவிலேயே தண்ணீரும் ஐஸும் வரும் வகை. வாங்கி ஏழு வருடம். ஐஸ் மேக்கர் ஃப்ரீசரின் மேல் பகுதியில் இருக்கிறது. உலோக அச்சு, ஒரு தடவைக்கு எட்டு அரைப்பிறைக் கட்டிகள், பக்கவாட்டில் வளைந்த கம்பி ஒன்று.

மூன்று வாரத்துக்கு முன் தெருவில் இரண்டு நாள் குழாய்த் தண்ணீர் இல்லை. திரும்ப வந்தபோது கொஞ்ச நேரம் பழுப்பாக ஓடியது. அதிலிருந்து கட்டி சிறுத்துக்கொண்டே வந்தது, சிலது உள்ளே குழியாகவும் இருந்தது. ஒரு வாரத்தில் அடியோடு நின்றுவிட்டது. ஃப்ரீசர் மைனஸ் 18 காட்டுகிறது. வாளி நிறைந்தால் ஐஸ் போடுவதை நிறுத்தும் அந்தக் கம்பி கீழே இறங்கித்தான் இருக்கிறது. பானலில் ஐஸ் நிறுத்தும் விளக்கு எரியவில்லை. கதவுத் தண்ணீர் வருகிறது, ஆனால் முன்பு போல வேகம் இல்லை. தெருத் தண்ணீரை நம்ப முடியாததால் இப்போது பெரும்பாலும் கொல்லையிலுள்ள ஜோஜோ டேங்கும் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) பம்பும்தான்.

போனில் கேட்டதற்கு, வந்து பார்க்காமலே "ஐஸ் மேக்கர் செட் முழுசாகப் போட வேண்டும்" என்றார்கள். தைப்பூசக் காவடிக்கு மோரும் பானகமும் கொடுப்போம், அதற்குள் சரியாக வேண்டும். மாற்றுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கூலிங் மெக்கானிக், ஃபீனிக்ஸ்:

அக்கா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஐஸ் வாளியை வெளியே எடுத்துவிட்டு அச்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சு காலியா, அல்லது ஐஸ் உறைந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஐஸ் இருந்தும் வெளியே தள்ளவில்லை என்றால் மோட்டார், ஹீட்டர், தெர்மோஸ்டாட் பக்கம் சந்தேகம். அச்சு வெறுமையாகக் கிடந்தால் ஐஸ் மேக்கர்மேல் தவறே இல்லாமல் இருக்கலாம், தண்ணீர்தான் வந்து சேரவில்லை.

இந்த வகை வேலை செய்யும் விதம் எளிமையானது. அச்சு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரிக்கு இறங்கியதும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை இணைக்கும். அச்சுக்கு அடியிலுள்ள ஹீட்டர் கட்டியின் ஓரத்தை லேசாக உருக்கும். மோட்டார், அச்சின் மேலுள்ள விரல் போன்ற தள்ளுகோல்களைச் சுற்றிக் கட்டிகளை வாளியில் தள்ளும். சுற்று முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச் தண்ணீர் வால்வை ஏழரை விநாடி திறக்கும். அந்த நேரத்தில் சுமார் 140 மில்லி இறங்க வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தண்ணீர் உண்மையில் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அளப்பது நேரத்தை மட்டும்தான். அழுத்தம் பாதியாகிவிட்டால் அதே ஏழரை விநாடியில் இறங்கும் தண்ணீரும் குறையும், கட்டி சிறுக்கும். குழி விழுந்த கட்டியும் பெரும்பாலும் அழுத்தக் குறைவின் அடையாளம்தான். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

ஆகவே வரிசை இப்படி. ஃபில்டர் மாற்றி எத்தனை மாதம்? பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், ஆனால் பழுப்புத் தண்ணீர் ஒரு நாள் ஓடினால் புது ஃபில்டரும் அடைத்துவிடும். ஃப்ரிட்ஜோடு வந்த பைபாஸ் மூடி இருந்தால் ஃபில்டரைக் கழற்றி அதைப் போட்டுக் கதவுத் தண்ணீரைப் பாருங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி ஃபில்டர்தான். சில மாடல்களில் மூடி தேவையில்லை, ஃபில்டரைக் கழற்றினாலே தண்ணீர் சுற்றி வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஸ்டாப் காக்கை (தண்ணீரை அடைக்கும் திருகுக் குழாய்) மூடுங்கள், ஃப்ரிட்ஜை மெல்ல முன்னே இழுங்கள். பின்னால் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பைப் மடங்கி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். சுவரோடு சேர்த்துத் தள்ளும்போது அடிக்கடி நடப்பது இது. பைப்பை ஃப்ரிட்ஜ் முனையில் கழற்றிப் பக்கெட்டில் விட்டு, ஸ்டாப் காக்கை முழுசாகத் திறந்து 30 விநாடி பிடியுங்கள். 600 மில்லியாவது வர வேண்டும். வராவிட்டால் ஃப்ரிட்ஜுக்குள் தேட வேண்டாம், வீட்டுக் குழாய்ப் பக்கம் தேடுங்கள்.

பைப் சேரும் இடத்தில் வால்வின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். மண்ணும் துருவும் அங்கேதான் தங்கும். பழைய பல் பிரஷால் ஓடும் தண்ணீரில் மெதுவாகத் தேயுங்கள். ஊசியால் குத்திக் கிழித்துவிடாதீர்கள், கிழிந்தால் மண் நேராக வால்வுக்குள் போய் அதை மூடவிடாமல் செய்யும்.

எலெக்ட்ரிக்கல் வேலை, டொங்காட்:

தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்ப வரும் நொடியில் வரும் மின்னழுத்த அதிர்ச்சியில் வால்வு காயிலும் (வால்வைத் திறக்கும் மின்கம்பிச் சுருள்) கண்ட்ரோல் போர்டும் எரிவதை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வின் இரண்டு முனை வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். காயில் எந்த மின்னழுத்தத்துக்குச் செய்தது என்பதைப் பொறுத்துச் சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை காட்டலாம். மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் காயில் அறுந்துவிட்டது. அப்போதும் மாற்ற வேண்டியது வால்வு, ஐஸ் மேக்கர் அல்ல. இரட்டை வால்வாக இருந்தால் கதவுத் தண்ணீருக்கு ஒரு காயில், ஐஸுக்கு ஒரு காயில். இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். கதவுத் தண்ணீர் வருகிறது என்பதால் ஐஸ் காயில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. டிபி போர்டில் (வீட்டு மின் பெட்டி) எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை காரணம் தெரியாமல் விழுகிறதா? நம் வீடுகளில் அது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும். அச்சுக்கு அடியிலுள்ள ஹீட்டரில் ஈரம் புகுந்து காப்பு கெட்டுவிட்டால், ஐஸ் தள்ளும் நேரம் வரும்போதெல்லாம் விழும். அந்த நிலையில் மட்டும் செட் மாற்றச் சொன்னால் நியாயம்.

அச்சு வகையின் முன்மூடியைக் கழற்றினால் சோதனைத் துளைகள் இருக்கும், எழுத்து போட்டிருக்கும். 'டி'யையும் (T) 'எச்'சையும் (H) ஒரு துண்டு வயரால் இணைத்தால் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி மோட்டார் ஓடும். ஐஸ் மேக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

கூலிங் மெக்கானிக், ஃபீனிக்ஸ்:

காயிலைப் பற்றிச் சொன்னது சரி, எர்த் லீக்கேஜ் அடையாளம் அதைவிடச் சரி. துளைச் சோதனையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் அண்ணே. அந்தத் துளைகளில் இருப்பது 230 வோல்ட், ஈரக்கையோடு ஃப்ரீசருக்குள் செய்யும் வேலை. தெரிந்தவர்கள்கூடப் பிளக்கைப் பிடுங்கி, காப்புள்ள வயரைச் செருகிவிட்டு, பிறகுதான் பிளக்கைப் போடுவார்கள். விரல்கள் நகர ஆரம்பித்ததும் மறுபடி பிடுங்கி வயரை எடுப்பார்கள். மீட்டர் பிடித்துப் பழகாதவர்கள் இதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: உலோக அச்சும் விரல்களும் இல்லாமல், பிளாஸ்டிக் தட்டு முறுக்கிக் கட்டியைக் கொட்டும் வகை என்றால் இந்தத் துளைகள் இருக்காது. அந்த வகையில் மோட்டார் பெரும்பாலும் 12 வோல்ட், பெட்டியின் அடியிலோ முன்பக்கமோ ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் தட்டு கவிழ்ந்து நிமிர்ந்து தண்ணீர் இறங்க வேண்டும். கவிழ்ந்து நிமிர்ந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன அதே வழிதான். இரண்டும் நடந்தும் தானாக ஐஸ் கொட்டவில்லை என்றால் தட்டுக்கு அடியிலுள்ள வெப்ப சென்சாரைப் பார்க்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் வீட்டுக்காரி:

நன்றி அண்ணே, இருவருக்கும். இன்று பார்த்தது இது.

அச்சு காலி. ஒரு சொட்டு ஐஸ் இல்லை. ஆனால் அச்சுக்குள் தண்ணீர் விடும் மேல் குழாயின் வாயில் வெள்ளையாக ஐஸ் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஃபில்டரைக் கழற்றிப் பைபாஸ் போட்டதும் கதவுத் தண்ணீர் கொஞ்சம் வேகமானது, பழைய வேகம் இல்லை. பின் பைப்பைப் பக்கெட்டில் விட்டபோது 30 விநாடிக்கு 410 மில்லி. அது டேங்குப் பம்பில். தெருத் தண்ணீருக்கு மாற்றி விட்டேன், 30 விநாடிக்கு 900 மில்லிக்கு மேல் வந்தது. வலையில் மண் இருந்தது, கழுவினேன். எர்த் லீக்கேஜ் விழுந்ததே இல்லை. அடுத்த வீட்டுத் தம்பி காயிலை அளந்தார், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

குழாய் வாயில் ஐஸ் எப்படி வரும்? தண்ணீரே வராதபோது?

கூலிங் மெக்கானிக், ஃபீனிக்ஸ்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். கேட்ட கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த வால்வை மூடுவது ஸ்பிரிங் மட்டும் அல்ல. உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. மின்சாரம் நின்றதும் பின்னால் வரும் தண்ணீரின் அழுத்தம்தான் அந்த ரப்பரைத் துளைமேல் இறுக்கி உட்கார வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் ரப்பர் இறுக்கமாக உட்காராது, சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் வரும் தண்ணீர் அச்சுக்குப் போய்ச் சேருமுன் மைனஸ் 18இல் வழியிலேயே உறையும். நாளுக்கு நாள் அடுக்கு ஏறிக் குழாய் மூடிக்கொள்ளும். அதன்பின் வால்வு ஏழரை விநாடி திறந்தாலும் தண்ணீர் போக வழி இல்லை. குறைந்த அழுத்தம் தண்ணீரைக் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், கசியவும் வைக்கும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புது ஐஸ் மேக்கர் போட்டிருந்தாலும் இரண்டு வாரத்தில் அதே குழாய் அதே இடத்தில் உறைந்திருக்கும். வால்வுக்குள் புகுந்த மண்ணும் இதையே செய்யும், அதனால் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் சொட்டினால் வால்வை மாற்றிவிடுங்கள்.

ஐஸை உருக்க: பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்டாப் காக்கை மூடுங்கள், அச்சுக்குக் கீழே துண்டு விரியுங்கள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் குழாய் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் கட்டி நழுவி வெளியே வரும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ஃப்ரீசர் சுவரின் பிளாஸ்டிக் வெடிக்கும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், குழாய் ஓட்டையானால் தண்ணீர் சுவருக்குள் போகும். ஹேர் டிரையரை நான் சொல்ல மாட்டேன், உருகிய தண்ணீர் சொட்டும் இடத்தில் 230 வோல்ட் சாமானைப் பிடிக்கக் கூடாது.

லெனேசியா பிளம்பர்:

அழுத்தம் பற்றி நான் சேர்க்கிறேன். வீட்டு ஃப்ரிட்ஜ் வால்வு பெரும்பாலும் 138 முதல் 827 கிலோபாஸ்கல் வரை என்று எழுதியிருக்கும். 138 என்பது 14 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். டேங்கை இரண்டு மீட்டர் மேடையில் வைத்து, தண்ணீர் நிறைந்திருந்தாலும் 40ஐத் தாண்டாது, ஆகவே பம்பு இல்லாமல் இந்த வகை ஐஸ் மேக்கர் சரியாக ஓடாது. தெருத் தண்ணீர் பொதுவாகத் தொல்லை தராது. கீசருக்காக 400 கிலோபாஸ்கல் குறைப்பு வால்வு வைத்த வீடுகளில் குளிர் தண்ணீரையும் அதே அளவில் சமப்படுத்தி வைத்திருந்தால் ஃப்ரிட்ஜுக்கு அது நடு அளவு.

பம்பில்தான் சிக்கல். பெரும்பாலான வீடுகளில் பம்பு தலையில் ஒரு தானியங்கிக் கண்ட்ரோலர் இருக்கும், 150 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால்தான் பம்பைத் தொடங்கும். பம்பு கொல்லையில் கீழே, சமையலறை மூன்று மீட்டர் மேலே என்றால் அந்த நேரம் ஃப்ரிட்ஜில் இருப்பது 120 மட்டும். வால்வின் கீழ் எல்லைக்கும் கீழே. யாராவது குழாயைத் திறந்து பம்பு ஓடினால் அழுத்தம் ஏறும். இரவில் யாரும் திறக்காமல், எங்காவது சின்னக் கசிவு இருந்தால் மெல்ல இறங்கி அந்த 120இலேயே மணிக்கணக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜ் வால்வு சொட்டுவது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, ஐஸ் மேக்கர் எடுப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.1 லிட்டர் வேகம், அதுவும் ஏழரை விநாடி. கண்ட்ரோலர் பலதும் இவ்வளவு குறைந்த ஓட்டத்தை ஓட்டமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பம்பு ஓடி நின்று ஓடி நின்று திக்கும்.

வழி இரண்டு. கண்ட்ரோலரில் தொடக்க அழுத்தத்தை மாற்றும் திருகு இருந்தால் 220க்கு ஏற்றுங்கள், உங்கள் பம்பு அதைவிட நன்றாக மேலே தள்ளக்கூடியது என்றால் மட்டும். தள்ள முடியாவிட்டால் நிற்காமல் ஓடிச் சூடேறும். திருகு இல்லாத வகை என்றால் அதை எடுத்துவிட்டு பிரஷர் சுவிட்சும் 20 லிட்டர் பிரஷர் டேங்கும் போடுங்கள், 200இல் தொடங்கி 300இல் நிற்கும்படி. அந்த டேங்கின் காற்றைத் தண்ணீர் இல்லாத நிலையில் 180க்கு அடைக்க வேண்டும், அதாவது தொடக்க அழுத்தத்துக்கு 20 கீழே. இதைச் செய்ய மறந்துவிட்டுப் பம்பு திக்குகிறது என்று கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பிரஷர் டேங்க் இருந்தால் ஃப்ரிட்ஜ் எடுக்கும் 140 மில்லிக்குப் பம்பு எழவே வேண்டியதில்லை.

அதைச் செய்து முடிக்கும்வரை ஃப்ரிட்ஜ் பைப்பைத் தெருத் தண்ணீரில் மட்டும் வையுங்கள். டேங்குக்கு மாற்றும்போது ஃப்ரிட்ஜ் ஸ்டாப் காக்கை மூடிவிடுங்கள். அடுத்த தடவை தண்ணீர் நின்று வரும்போதும் அப்படியே, முதலில் வெளிக் குழாயைத் திறந்து பழுப்பு போகும்வரை ஓடவிட்டு, தெளிந்த பிறகு ஃப்ரிட்ஜுக்குத் திறக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் வாசகர்:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். எங்களுக்கும் கட்டி சிறுத்துத்தான் வருகிறது, ஆனால் டேங்க் கிடையாது. சிங்க்கின் அடியில் ஆர்.ஓ. ஃபில்டர் (சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிப்பது) வைத்து அதிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் பைப் போட்டிருக்கிறோம். இதுவும் அழுத்தம்தானா?

லெனேசியா பிளம்பர்:

ஆமாம் ஐயா. ஆர்.ஓ.வுக்கு உள்ளே போகும் தண்ணீர் 276 கிலோபாஸ்கலாவது இருக்க வேண்டும், வெளியே வருவது அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். அதன் சின்னத் தொட்டி காலியாகும்போது இன்னும் இறங்கும், ஒரு ஜாடி தண்ணீர் பிடித்த உடனே ஐஸ் மேக்கர் நிரப்ப வந்தால் பாதிதான் கிடைக்கும். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பைபாஸ் போடுவது சரி, சுத்தமான தண்ணீரை மறுபடி வடிகட்டி அழுத்தத்தை இழக்க வேண்டாம். அதற்கும் போதவில்லை என்றால் ஃப்ரிட்ஜை நேராகக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் வீட்டுக்காரி:

குழாய் ஐஸ் சிரிஞ்சில் உருகி விரல் நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தது. தெருத் தண்ணீருக்கு மாற்றினேன், புது ஃபில்டர் போட்டேன். ஒரு நாள் கழித்து எட்டுக் கட்டியும் முழுசாக வந்தன. குழாயில் சொட்டு இல்லை. வாரக் கடைசியில் பம்புக்குப் பிரஷர் டேங்க் வைக்க ஆள் வருகிறார்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது இடது பக்கக் கட்டி பெரிதாகவும் வலது பக்கம் சிறிதாகவும் இருக்கிறது, இரண்டு கட்டி ஒன்றோடொன்று ஒட்டியும் விழுகிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா?

கூலிங் மெக்கானிக், ஃபீனிக்ஸ்:

ஃப்ரிட்ஜை இழுத்துத் தள்ளினீர்கள் அல்லவா, மட்டம் போயிருக்கும். முதலில் ஐஸ் மேக்கர்மேல் ரசமட்டம் வைத்து, ஃப்ரிட்ஜின் முன்கால் திருகுகளால் இடம் வலம் சமப்படுத்துங்கள். அச்சில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே கட்டி பெருத்து ஒட்டத்தான் செய்யும்.

மட்டம் சரியான பிறகும் எல்லாக் கட்டியும் ஒட்டி விழுந்தால் மட்டும் முன்மூடிக்குள் கூட்டல் கழித்தல் குறி போட்ட திருகைத் தொடுங்கள். கழித்தல் பக்கம் அரைச் சுற்று திருப்பினால் ஏறக்குறைய 20 மில்லி குறையும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிய பிறகு மூன்று சுற்று ஐஸ் விழும்வரை பொறுங்கள், ஒரு சுற்றை வைத்து முடிவு செய்தால் தவறாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகைத் தொடுங்கள்.

புது ஃபில்டர் போட்டதால் கதவுத் தண்ணீரைப் பத்துப் பதினைந்து லிட்டர் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், கரித்தூளும் காற்றும் போகும். முதல் இரண்டு சுற்று ஐஸையும் கொட்டிவிடுங்கள். வாளியில் பழைய ஐஸ் உருகி ஒரே பாறையாக இறுகியிருந்தால் அதையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஐஸைத் தள்ளும் சுருள் கம்பி அதில் சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் திணறும்.

காவடிக்கு என்றால் ஒன்று கணக்கில் வையுங்கள். சுற்றுக்கு 140 மில்லி, ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.3 கிலோதான். கதவை அடிக்கடி திறக்கும் கோடை நாளில் அதுவும் குறையும். நான்கு நாள் முன்பே கட்டிகளை எடுத்துப் பையில் கட்டி ஃப்ரீசரின் அடித்தட்டில் சேர்த்து வாருங்கள். வாளி நிறைந்தால் கம்பி மேலே நின்று ஐஸ் மேக்கர் தானே நின்றுவிடும்.